இலையில் கை இருக்கும்போது

போன வாரம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு போட்டோ வந்தது. ஆளாளுக்குக் கும்பிடுகிற கைப்படம் போட்டீர்கள், நானும் போட்டேன். நம் பள்ளிக்கூடத்தின் பழைய ஓட்டுக் கட்டடத்தை இடிக்கிறார்கள். ஒரு பக்கச் சுவர் போய்விட்டது. நாம் ஆறாவது படித்த அறையின் உத்தரம் மட்டும் அப்படியே நிற்கிறது. அதில் வரிசையாக இரும்புக் கொக்கிகள். "இது இன்னாத்துக்குடா, ஊஞ்சல் கட்டவா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். "நம்மளத் தொங்கவுடத்தான்" என்று இன்னொருவன். அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்தன. நான் பதில் எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். போனில் கட்டைவிரலால் தட்டி முடிகிற சமாசாரம் இல்லை அது.

அந்தக் கொக்கிகளை அடித்தது பந்தல்காரர். அடிக்கச் சொன்னது என் அப்பா.

நமக்கெல்லாம் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது. பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு முட்டிவலி. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். நாம் ஆறாவது படித்த வருஷம் ஐப்பசியில் பிடித்த மழை கார்த்திகை தீபம் முடிந்தும் விடவில்லை. நம் ஊர் மலைக்குப் பின்பக்கம், கிரிவலப் பாதையை ஒட்டி. மலையிலிருந்து இறங்குகிற குரங்குகளுக்குப் பள்ளிக்கூடத்து ஓடுதான் மைதானம். வெயில் காலத்தில் அவை புரட்டிப் போட்டதெல்லாம் மழைக் காலத்தில் ஒழுகும். சத்துணவுத் தட்டை வரிசையாகத் தரையில் வைப்போம். டீச்சர் பாடம் நடத்த நடத்த ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு சத்தம் போடும். பிறகு அந்தத் தண்ணீரை வெளியே கொட்டிவிட்டு அதே தட்டில் சோறு வாங்குவோம். ஈரப் பாவாடையும் சாக்பீஸ் தூளும் வெந்த அரிசியும் சேர்ந்த அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. வாசனை இருக்கிறது, அவ்வளவுதான். அதை நினைத்தால் ஏக்கமோ வருத்தமோ எதுவும் வருவதில்லை.

என் அக்கா அப்போது எட்டாவது. நம் பள்ளியில் எட்டாவதோடு சரி. ஒன்பதாவது வேண்டுமென்றால் டவுனுக்குப் போக வேண்டும், அரை மணி நேரப் பஸ். அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "நம்ம ஊர்லயே ஒம்பதாவது வந்தா படிக்கட்டும். அந்தப் பஸ்ல கும்பல்ல நசுங்கிப் பொம்பளப் புள்ளைய அனுப்ப மாட்டேன்." அக்காவின் வகுப்பில் ஐந்து பெண்கள். ஐந்து வீட்டிலும் இதே பேச்சுதான். ஆக, நம் பள்ளி உயர்நிலைப் பள்ளியானால் அந்த ஐந்து பேரும் படிப்பார்கள், ஆகாவிட்டால் நின்றுவிடுவார்கள். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டும். கட்டடத்துக்கு அரசாங்கம் நிதி ஒதுக்க வேண்டும்.

அப்பாதான் பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர். ஐந்தாவது வரை படித்தவர், இரண்டு ஏக்கரில் மல்லாட்டைக் கடலை போடுகிறவர். தலைவராக அவருக்கு இருந்த தகுதி, ஊரில் இஸ்திரி போட்ட சட்டை அவரிடம் மட்டும் இருந்ததுதான். அம்மா அப்படித்தான் கிண்டல் செய்வாள். ஆனால் ஆள் சும்மா இருக்கவில்லை. திங்கட்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போவார். கூட நான்கைந்து பேர் போவார்கள், அன்றைக்குக் களை எடுக்கிற வேலையை விட்டுவிட்டு அம்மாவும் போவாள். மனுவில் அப்பாமார்கள் கையெழுத்து, அம்மாமார்கள் ரேகை. ரேகை வைத்த நாளெல்லாம் அம்மாவின் கட்டைவிரல் ஊதாவாக இருக்கும். அந்தக் கையால் பிசைந்து ஊட்டிய சோற்றில் மை வாசனை அடிக்கும். மனுவெல்லாம் ஒரு கறுப்பு ரெக்சின் பையில் இருந்தது. அந்தப் பை பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை.

அப்புறம் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போனார்கள். திரும்பி வந்த அப்பா முகம் மலர்ந்து இருந்தது. "உக்கார வெச்சுப் பேசினாரு. டீ குடுத்தாரு" என்றார்.

"டீ இருக்கட்டும். ஸ்கூலுக்கு இன்னா சொன்னாரு?" என்றாள் அம்மா.

விஷயம் இதுதான். சட்டசபையில் கல்விக்கான மானியக் கோரிக்கை வரப்போகிறது. அதற்கு முன்னால் எம்.எல்.ஏ.க்கள் அடங்கிய ஒரு குழு மாவட்டம் மாவட்டமாகப் போய்ப் பள்ளிக்கூடங்களைப் பார்க்கும். எந்தப் பள்ளிக்கு அவசரம் என்று குழு எழுதுகிறதோ அந்தப் பள்ளிக்குத்தான் அந்த வருஷம் பணம். குழு மாசி மாதம் நம் பக்கம் வருகிறது, நம் பள்ளிக்கும் வரச் சொல்லியாகிவிட்டது. கால் மணி நேரம் நிற்பார்கள், மத்தியானம் பன்னிரண்டரைக்கு.

அந்தப் பன்னிரண்டரைதான் எங்களைக் கவிழ்த்தது.

"சாப்புடற வேளைல வர்றாங்க. பட்டினியா அனுப்பறதா?" என்றார் அப்பா. கூட்டத்தில் ஒருவர்கூட மறுக்கவில்லை. நம் ஊரில் யார்தான் மறுப்பார்கள்? பெண் பார்க்க வருகிறவர்களாக இருந்தாலும் சரி, வரப்புத் தகராறு பேச வருகிறவர்களாக இருந்தாலும் சரி, வந்தவர்களை உட்கார வைத்து, இலை போட்டு, அவர்கள் கை கழுவிய பிறகுதான் காரியம் பேசுவோம். சாப்பிடும்போது காரியம் பேசுவது சோற்றைச் சொல்லிக்காட்டுவது மாதிரி. எந்த வீட்டிலும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரத் தேவையிருக்கவில்லை. பார்த்தே கற்றுக்கொண்டோம்.

ஒரு வாரம் ஊரே பள்ளிக்கூடத்தில் கிடந்தது. சுண்ணாம்பு அடித்தார்கள். நம்மைச் சாணி தெளித்துப் பெருக்கச் சொன்னார்கள். வாசலில் இரண்டு வாழை மரம், மாவிலைத் தோரணம். கல்யாண மண்டபத்திலிருந்து மேசை நாற்காலிகள் மாட்டு வண்டியில் வந்தன. சாப்பாடு ஆறாம் வகுப்பில் என்று முடிவானபோதுதான் குரங்குகளின் நினைவு வந்தது. அவை ஓட்டின் மேல் ஓடினால் தூசியும் ஓட்டுச் சில்லும் இலையில் விழும். அப்பா பந்தல்காரரைக் கூப்பிட்டார். அவர் உத்தரத்தில் கொக்கி அடித்து, கல்யாணப் பந்தலுக்குக் கட்டுகிற வெள்ளைத் துணியை அறை முழுக்க மேலே கட்டினார். ஓரத்தில் ரோஸ் கலர்க் காகிதப் பூ வேறு.

அம்மா மட்டும் கேட்டாள். "ஒழுவுற எடத்தக் காட்டத்தான கூப்புடறோம்? அத துணியப் போட்டு மூடினா எப்படி?"

"சாப்புட்டு முடிச்சதும் ஒரு பக்கம் அவுத்துவுட்டுக் காட்டிக்கலாம். மனுவும் அப்பத்தான் படிக்கப்போறோம். எல்லாம் ஒண்ணா ஆயிடும்" என்றார் அப்பா. தலைமையாசிரியர் நல்ல யோசனை என்றார். அவர் யார் எது சொன்னாலும் நல்ல யோசனை என்பார்.

மனுவைப் படிக்கப்போவது அக்கா. வகுப்பில் முதல் மாணவி, குரல் கணீரென்று இருக்கும். ஒரு வாரம் மல்லாட்டைக் கொல்லை வரப்பில் நின்று செடிகளைப் பார்த்துப் படித்துப் பழகினாள். "மதிப்பிற்குரிய குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கு, இவ்வூர்ப் பெற்றோர்கள் பணிவுடன் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்." கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது, இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதில் நான்காவது வரியில் கூரை வரும், ஏழாவது வரியில் எட்டாவதோடு நின்றுவிடும் பெண்கள் வருவார்கள். அந்த வரியில் மட்டும் அக்கா கொஞ்சம் மெதுவாகப் படிப்பாள். முதல் நாள் சாயங்காலம் பித்தளைச் சொம்பில் நெருப்புத் துண்டு போட்டு அவளுடைய நீலப் பாவாடையை அவளே இஸ்திரி போட்டாள். என்னைத் தொட விடவில்லை.

பன்னிரண்டரைக்கு வரவேண்டியவர்கள் இரண்டு மணிக்கு வந்தார்கள். மூன்று கார், ஒரு ஜீப். பாவம், எல்லோருக்கும் நல்ல பசி. பள்ளியைச் சுற்றிப் பார்க்கவெல்லாம் இல்லை, நேராக இலைக்கே வந்துவிட்டார்கள். நாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். சாம்பார் வாளி அப்பா கையில். அவருடைய வெள்ளைச் சட்டையில் மஞ்சளாக ஒரு சொட்டு விழுந்திருந்தது. அக்கா தண்ணீர் ஊற்றிக்கொண்டு போனாள்.

குழுத் தலைவர் வயசானவர், நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் சொல்வதற்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டாம் தரம் சோறு போட்டபோது அவரே நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"தலைவரே, ஸ்கூலுக்கு என்ன வேணும்? சொல்லுங்க, இப்பவே எழுதிக்கச் சொல்றேன்."

அவருக்குப் பின்னால் ஒரு எழுத்தர் நோட்டோடு நின்றுகொண்டிருந்தார். அவர் சாப்பிட உட்காரவில்லை. அப்பா குனிந்து குழுத் தலைவர் இலையில் சாம்பார் ஊற்றினார்.

"அதெல்லாம் இருக்கட்டுங்க ஐயா. ஒண்ணும் அவசரமில்ல. மொதல்ல நீங்க வயிறாரச் சாப்புடுங்க."

குழுத் தலைவர் சிரித்தார். அண்ணாந்து வெள்ளைத் துணியைப் பார்த்தார். "ஸ்கூல நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். எழுத்தர் என்னவோ எழுதினார். அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவர் கண் சிமிட்டி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பாயசம் முடிந்தது, கை கழுவினார்கள். கழுவின கையைத் துடைக்கக்கூட இல்லை, அதற்குள் ஜீப்பில் வந்த அதிகாரி "டைம் ஆயிடுச்சு சார், அடுத்த ஊர்ல ரொம்ப நேரமா காத்திருக்காங்க" என்றார். எல்லோரும் காரை நோக்கி நடந்தார்கள். பந்தல்காரர் மேசை மேல் ஏறி ஒரு கொக்கியில் கையை வைத்துக்கொண்டு, அவிழ்ப்பதா வேண்டாமா என்று அப்பாவைப் பார்த்தார். அப்பா பதறிப்போய் வாளியைக் கீழே வைத்தார். மனு இருந்த பை தலைமையாசிரியர் அறையில் ஆணியில் தொங்கியது. கையெல்லாம் சாம்பார். அந்தக் கையால் மனுவைத் தொடலாமா? அவர் கை கழுவக் குழாயடிக்கு ஓடினார்.

அக்கா கார் கதவோரம் போய் நின்றிருந்தாள். கையில் பேப்பர் இல்லை, அவளுக்கு அது தேவையும் இல்லை. "மதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்தாள். குழுத் தலைவர் அவள் தலையில் கை வைத்து, "நல்லா படிம்மா" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார். கதவைச் சாத்தினார்கள். அப்பா பையோடு வந்தபோது வாசலில் புழுதிதான் இருந்தது.

மீதிச் சாப்பாட்டை நமக்குப் போட்டார்கள். உங்களுக்கு நினைவிருக்கும், வடை, சேமியா பாயசம் எல்லாம். அந்த வெள்ளைத் துணிக்குக் கீழேதான் நாமும் உட்கார்ந்தோம். ஒரு குரங்கு மேலே ஓடியது, துணி ஆடியது, நம் இலையில் ஒரு தூசி விழவில்லை. நான் மூன்று தரம் பாயசம் வாங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அக்கா எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாள், சாப்பிட்டாளா என்று நான் பார்க்கவில்லை.

அப்பா திங்கட்கிழமை மனுவை மறுபடியும் கலெக்டர் ஆபீசில் கொடுத்தார். "மனசுல நம்மள நல்லா வெச்சிருப்பாங்க. அவ்ளோ திருப்தியாச் சாப்புட்டாங்க" என்று ஊரெல்லாம் சொன்னார். இந்த வருஷம் ஒன்பதாவது வந்துவிடும் என்று அந்த மற்ற நான்கு வீட்டுக்கும் போய் உறுதி சொன்னார். அக்கா முழுப் பரீட்சை எழுதினாள். வகுப்பில் அவள்தான் முதல்.

வைகாசியில் தலைமையாசிரியருக்குக் கடிதம் வந்தது. அப்பாவோடு நானும் போயிருந்தேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. தலைமையாசிரியர் படித்தார். குழு நேரில் பார்வையிட்டபோது கட்டடம் நல்ல நிலையில் காணப்பட்டது, அவசரத் தேவை ஏதும் இல்லை என்று பெற்றோர் தரப்பிலேயே தெரிவிக்கப்பட்டது, எனவே கோரிக்கை பின்னர் பரிசீலிக்கப்படும்.

"இன்னொரு தபா படிங்க" என்றார் அப்பா. அவர் படித்தார்.

"யாருங்க அப்படிச் சொன்னது?"

தலைமையாசிரியர் கடிதத்தை மடித்தார். "நீங்கதாங்க" என்றார்.

அப்பாவின் கை என் கையில் இருந்தது. சும்மா இருந்தது, என் கையைப் பிடித்திருக்கிற நினைப்பே அதற்கு இல்லாத மாதிரி. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "அடுத்த வருஷம் பாக்கறோம்னு எழுதியிருக்காங்க" என்றார். கடிதத்தை ரெக்சின் பையில் வைத்தார். அடுத்த நாள் அவர் மல்லாட்டைக் கொல்லைக்குப் போன பிறகு அக்கா பையைத் திறந்து எடுத்தாள். அவளுக்கு அப்பாவைவிட வேகமாகப் படிக்க வரும். படித்தாள். இருந்த மடிப்பிலேயே மடித்துத் திரும்ப வைத்தாள். என்னைப் பார்த்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

அம்மா ஒரு தடவை கேட்டாள். "டவுன் ஸ்கூல்லயே சேத்துடலாமே?"

"இங்கயே வரும்னு மத்த வூட்டுக்கெல்லாம் நான்தான் சொன்னேன். அவங்க பொண்ணுங்க வூட்ல குந்தியிருக்கும்போது என் பொண்ண மட்டும் பஸ் ஏத்துனா இன்னா பேசுவாங்க?" என்றார் அப்பா. அவருடைய நியாயம் அவருக்கு. அப்போது எனக்கும் அது சரியென்றே பட்டது. ஐந்து பேரையும் ஒன்றாக ஒரே பஸ்ஸில் ஏற்றிவிட்டிருக்கலாம் என்ற யோசனை அந்த ஊரில் ஒருவருக்கும் வரவில்லை. எனக்கு அது தோன்றியதே என் மகளைக் காலேஜ் பஸ்ஸில் ஏற்றிவிட்ட அன்றைக்குத்தான். பஸ் போன பிறகும் வீட்டுப் பக்கத்து வேங்கிக்கால் ஸ்டாப்பிலேயே நின்றிருந்தேன். ஒரு ஆட்டோக்காரர் வந்து எங்கே போகணும் என்று கேட்டார்.

ஜூன் மாதம் அக்காவின் நீலப் பாவாடையை இடுப்பில் மடித்துத் தைத்து எனக்குக் கொடுத்தார்கள். என்னுடையது வெளுத்திருந்தது, அவளுடையது இன்னும் நல்ல நீலமாக இருந்தது. எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். அக்கா பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் பெரியப்பாவின் சோடாக் கடையில் உட்கார்ந்தாள். பதினெட்டில் கல்யாணம்.

நாம் எட்டாவது முடிக்கிற நேரத்தில் உயர்நிலைப் பள்ளி வந்தது. உங்களுக்குத்தான் தெரியுமே. யாரும் மனுக் கொடுக்கவில்லை, ஒருவரும் வந்து பார்க்கவில்லை. எத்தனையோ ஊர்களின் பட்டியலில் நம் ஊரும் இருந்தது, அவ்வளவுதான். நான் ஒன்பதாவது, பத்தாவது அங்கேயே படித்தேன். அந்தப் படிப்பில்தான் இந்த உத்தியோகம், வேங்கிக்காலில் இந்த வீடு. திறப்பு விழாவுக்கு அப்பா வந்திருந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். எல்லோருக்கும் சாப்பாடு போட்டார்கள். அவர் பசிக்கவில்லை என்று சொல்லி எழுந்து போய்விட்டார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவர் இறந்தார். ஆஸ்பத்திரியில் இருந்த பத்து நாளும் அந்த விஷயத்தைப் பேசவில்லை. நானும் ஆரம்பிக்கவில்லை, அக்காவும் ஆரம்பிக்கவில்லை.

அக்கா இப்போது செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் சமையல் வேலை செய்கிறாள். அங்கே கிடைக்கிற இருபத்தைந்து வகைச் சாப்பாட்டையும் இங்கிலீஷில் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். வீடு பக்கத்துச் சந்தில். ஞாயிற்றுக்கிழமை நான் போனேன். போட்டோவைக் காட்டினேன். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"கொக்கி இன்னும் கீது பாரு" என்றாள். சிரித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தட்டு எடுத்து வைத்தாள்.

கத்திரிக்காய்க் குழம்பு. அப்பாவைப் போலவே அவளும் கேட்டுக் கேட்டுப் போட மாட்டாள், தட்டைப் பார்த்தே போடுவாள். நான் இரண்டாம் தரம் சோறு பிசைந்துகொண்டிருந்தேன். எதிரில் அவள் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வருஷமாகக் கேட்காததை ஏனோ அப்போது கேட்டுவிட்டேன்.

"அக்கா, அந்த லெட்டரப் படிச்சியே. அப்பா மேல உனக்குக் கோவமே வரலியா?"

அவள் கரண்டியைக் குழம்பில் விட்டு ஒரு கத்திரிக்காயைத் தேடி எடுத்தாள். என் தட்டில் வைத்தாள்.

"மொதல்ல சாப்புடு. அப்புறம் பேசிக்கலாம். இப்ப இன்னா அவசரம்?"

நான் சாப்பிட்டேன். கை கழுவிக்கொண்டு வந்தபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். விடுதியில் பத்துப் பேர் புதிதாக வந்திறங்கிவிட்டார்களாம், உடனே வரச் சொல்லிப் போன். "கதவச் சாத்திட்டுப் போ, பூட்ட வாணாம்" என்று சொல்லிவிட்டுச் சந்தில் நடந்து போனாள். நான் ஈரக் கையோடு வாசலில் நின்றேன்.